எட்டு கினிக்கு ஏலம் போன கிறிஸ்து

1990 ஆகஸ்ட். டப்ளின் நகரில் லோயர் லீசன் தெரு 35ஆம் எண் வீட்டில் இயேசு சபைக் குருக்கள் குடியிருந்தார்கள். வீட்டில் மாட்டியிருந்த பழைய படங்கள் சில அழுக்கேறிப்போயிருந்தன. ஒரு நடை வந்து பார்த்து, சுத்தம் செய்யத் தோதுப்படுமா என்று சொல்லுங்கள் என அயர்லாந்து தேசிய ஓவியக்கூடத்துக்குச் சொல்லியனுப்பினார்கள். அங்கே ஓவியப் பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்த்த செர்ஜியோ பெனெதெத்தி என்ற இத்தாலியர் வந்தார்.

சாப்பாட்டு அறையில் பெரிய படம் ஒன்று தொங்கியது. கெத்செமனே தோட்டத்தில் இயேசுவைப் பிடிக்கும் காட்சி. பழுத்த வார்னிஷும் ஆண்டுக்கணக்கான புகையும் தூசியும் படிந்து காப்பி டிகாக்ஷன் நிறத்துக்கு வந்திருந்தது. அந்தப் படத்துக்குக் கீழேதான் அறுபது வருஷம் போல குருக்கள் சாப்பிட்டு எழுந்தார்கள். ஹொந்தோர்ஸ்த் என்ற டச்சு ஓவியர் வரைந்தது என்று அவர்களுக்குத் தெரியும். ஒருவர் அன்பளிப்பாகக் கொடுத்தது என்றும் தெரியும். அதற்கு மேல் யாரும் கேட்டுக்கொண்டதில்லை.

அது இத்தாலிய ஓவியர் கரவாஜியோ 1602-ல் வரைந்து, பிறகு காணாமல் போனதாகக் கருதப்பட்ட 'கிறிஸ்து பிடிபடுதல்' என்று 1993 நவம்பரில் உலகுக்கு அறிவித்தார்கள். இந்தக் கதையைச் சொல்பவர்கள் வழக்கமாக பெனெதெத்தியின் கூர்மையான கண்ணில் தொடங்கி அதிலேயே முடித்துவிடுவார்கள். கண் முக்கியம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் இதைப் படிக்கப் படிக்க எனக்குப் பட்டது வேறு: இந்தப் படத்தைத் தொலைத்ததும் ஒரு பட்டியல், மீட்டதும் ஒரு பேரேடு. நடுவில் இருநூறு வருஷம் படம் யார் கண்ணிலும் படாமல் ஒளிந்திருக்கவில்லை. சுவரில், வெளிச்சத்தில், தவறான பெயரோடு தொங்கிக்கொண்டிருந்தது.

படத்தில் என்ன இருக்கிறது

பெயர்களை மறந்துவிட்டு முதலில் படத்தைப் பார்த்துவிடலாம். அகலம் 169.5 சென்டிமீட்டர், உயரம் 133.5. ஏழு பேர், எல்லோரும் இடுப்புக்குச் சற்றுக் கீழே வரை மட்டும். தோட்டம் இல்லை, மரம் இல்லை, வானம் இல்லை. பின்னால் கருப்பு. அந்த நெருக்கடியில் ஏழு உடம்புகள் ஒன்றன் மேல் ஒன்று சாய்கின்றன.

இடது ஓரத்தில் வாய் பிளந்து கத்திக்கொண்டு ஓடுகிறவர் யோவான் என்பது பொதுவான கருத்து. அவருடைய சிவப்புப் போர்வையை ஒரு படைவீரன் பற்றி இழுக்க, அது காற்றில் புடைத்து, இயேசுவின் தலைக்கும் யூதாஸின் தலைக்கும் மேல் ஒரு கூடாரம் போல வளைந்து நிற்கிறது. அந்தச் சிவப்பு வளைவுக்குள் இரண்டு முகங்கள். யூதாஸ் முத்தமிட்ட கணம், அல்லது முத்தமிட்டு முடித்த கணம். அவன் கை இயேசுவின் தோளை இறுகப் பிடித்திருக்கிறது. நெற்றி சுருங்கி, ஏதோ புரியாதவன் போல இருக்கிறான். இயேசுவின் கண்கள் தாழ்ந்திருக்கின்றன. அவர் தடுக்கவில்லை, விலகவில்லை. உடல் மட்டும் சற்றுப் பின்னால் சாய்கிறது.

கைகளைப் பாருங்கள். படத்தின் கீழ்ப்பகுதியில் இயேசுவின் இரு கைகளும் விரல் கோத்து, உள்ளங்கை கீழ்நோக்கித் திரும்பி இருக்கின்றன. கும்பிடுகிற கை அப்படி இராது. பெரிய வலியை வாய் திறக்காமல் பொறுக்கிறவர்கள் இப்படித்தான் விரலை முறுக்கிக்கொள்வார்கள். அந்த ஒரு ஜோடிக் கையில் அன்றிரவு முழுவதும் இருக்கிறது.

படத்தின் நட்டநடுவே யார் முகமும் இல்லை. கருப்பு இரும்புக் கவசம் பூட்டிய ஒரு கைதான் இருக்கிறது. அதன் மேல் ஒளி வெள்ளிக் கோடாக வழுக்கி ஓடுகிறது. கவசக்காரனின் முகத்தைத் தலைக்கவசம் மறைத்துவிட்டது. மூக்கும் மீசையும் மட்டும் தெரிகின்றன. பிடிக்கிறவனுக்கு முகம் தேவையில்லை என்று வரைந்தவர் முடிவு செய்திருக்கிறார்.

வலது ஓரத்தில் ஒருவர் எட்டி எட்டிப் பார்க்கிறார். கையில் விளக்கு. கறுத்த முடி, குறுந்தாடி. ஆயுதம் எதுவும் அவரிடம் தெரியவில்லை. பிடிக்க வந்தவரா, வேடிக்கை பார்க்க வந்தவரா என்று சொல்ல முடியாது. அது கரவாஜியோ தன்னையே வரைந்துகொண்ட முகம் என்று இத்தாலிய ஆய்வாளர் ரொபெர்த்தோ லோங்கி சொன்னதைப் பெரும்பாலோர் ஏற்றுக்கொண்டார்கள். அப்போது அவருக்கு வயது முப்பத்தொன்று.

இங்கே ஒரு சின்ன விஷயத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். அந்த விளக்கு எரிகிறது. ஆனால் யார் முகத்திலும் அதன் வெளிச்சம் விழவில்லை. எல்லா ஒளியும் இடப்பக்கம் மேலிருந்து, படத்துக்கு வெளியே எங்கிருந்தோ வருகிறது.

மத்தெய் வீட்டுப் பேரேடு

ரோமில் மத்தெய் குடும்பம் பெரிய இடம். மூன்று சகோதரர்கள்: சிரியாக்கோ, அஸ்த்ருபாலே, கர்தினால் ஜிரோலமோ. 1601 வாக்கில் கரவாஜியோ அவர்களுடைய அரண்மனையில் தங்கியிருந்தார். அப்போது அவர் புகழின் ஏணியில் ஏறிக்கொண்டிருந்த நேரம். கொலைப் பழியும் தலைமறைவும் வர இன்னும் ஐந்து வருஷம் இருந்தது.

சிரியாக்கோ தன் செலவுகளைத் தன் கைப்பட எழுதி வைத்தார். அதில் கரவாஜியோவுக்குக் கொடுத்த பணமும் உண்டு. 1602 ஜனவரி 7-ல் 150 ஸ்கூதி (அந்தக் கால ரோம் நாணயம்). அந்தப் படம் இன்று லண்டன் தேசியக் கூடத்தில் இருக்கும் 'எம்மாவு விருந்து'. அதே ஆண்டில் ஜூனிலும் டிசம்பரிலுமாக இரண்டு தவணையில் 85 ஸ்கூதி, ஆட்டுக்கடாவோடு இருக்கும் திருமுழுக்கு யோவான் படத்துக்கு. அப்புறம் 1603 ஜனவரி 2-ல் 125 ஸ்கூதி: தோட்டத்தில் பிடிபட்ட கிறிஸ்துவின் படம் ஒன்று, அதன் சட்டத்தோடு.

'சட்டத்தோடு' என்ற அந்தச் சொல்லுக்காகவே எனக்கு இந்தப் பதிவு பிடிக்கும். கலையைப் பற்றிய வியப்பு ஒரு துளி இல்லை. படம் வந்தது, சட்டம் வந்தது, காசு போனது. எழுதியவருக்கு யாரையும் நம்ப வைக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. வருஷக் கடைசியில் கூட்டினால் கணக்கு சரியாக வர வேண்டும், அவ்வளவுதான். நானூறு வருஷம் கழித்து நீதிமன்றச் சாட்சி போல இந்த வரி நிற்பதற்குக் காரணமும் அதுதான்.

இதே குடும்பத்துக் கணக்கில் இன்னொரு வரி வருகிறது. 1626-ல் அஸ்த்ருபாலே இந்தப் படத்துக்கு ஒரு நகல் எடுக்கச் சொல்லி, ஜொவான்னி தி அத்திலி என்பவருக்கு 12 ஸ்கூதி கொடுத்தார். மூலத்துக்கு 125, நகலுக்கு 12. இந்த வேறுபாட்டை எழுதி வைத்த வீட்டிலேயே, பிற்காலத்தில் எது யாருடையது என்ற நினைவு அற்றுப்போனது.

1672-ல் கலை வரலாற்றாளர் பெல்லோரி கரவாஜியோவின் வாழ்க்கையை எழுதும்போது இந்தப் படத்தை மத்தெய் வீட்டுக்கு உரியதாகச் சொல்லி விவரிக்கிறார். முத்தத்துக்குப் பின் ஆண்டவரின் தோளில் கை வைத்த யூதாஸ், முழுக்கவச வீரன் நீட்டும் இரும்புக் கை, குறுக்கே கோத்த கைகளோடு பொறுமையாக நிற்கும் இயேசு, பின்னால் கை விரித்து ஓடும் யோவான், உயர்த்திய விளக்கு. ஒன்று விடாமல் சொல்லியிருக்கிறார். அதனால் மூலம் தொலைந்த பிறகும் அது எப்படி இருந்திருக்கும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. போதாக்குறைக்கு நகல்கள் பன்னிரண்டுக்கு மேல் கிடைத்திருந்தன. மூலம்தான் இல்லை.

பெயர் மாறியது

1793-ல் மத்தெய் வீட்டுச் சொத்துப் பட்டியல் ஒன்று எழுதப்பட்டது. அதில் இந்தப் படத்துக்கு நேரே 'கெரார்தோ தெல்லே நொத்தி' என்று பெயர் விழுந்தது. 'இரவுகளின் கெரார்தோ' என்று பொருள். உத்ரெக்த் ஓவியர் ஹொந்தோர்ஸ்துக்கு இத்தாலியர் வைத்த பட்டப்பெயர் அது. மெழுகுவர்த்தி, தீவட்டி வெளிச்சத்தில் இரவுக் காட்சி வரைவதில் அவர் கெட்டிக்காரர். யாரோ ஒருவர் படத்தைப் பார்த்திருக்கிறார். இருட்டு இருக்கிறது, விளக்கு இருக்கிறது. சரி, இரவுக்காரர் வரைந்ததாகத்தான் இருக்க வேண்டும் என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்.

ஹொந்தோர்ஸ்த் பிறந்தது 1592-ல். சிரியாக்கோ பணம் கொடுத்த 1603 ஜனவரியில் அவருக்குப் பத்து வயது. பேரேட்டைப் புரட்டியிருந்தால் ஒரு நிமிஷத்தில் தீர்ந்திருக்கும். யாரும் புரட்டவில்லை.

பேரேடு வேண்டாம், கண் ஒன்றே போதும் என்று வைத்துக்கொண்டாலும் தப்பு தப்புதான். ஹொந்தோர்ஸ்த் படங்களில் ஒளி படத்துக்குள்ளேயே பிறக்கும். தலைமைக் குருவின் முன் இயேசு நிற்கும் அவருடைய படம் லண்டனில் இருக்கிறது. மேசை மேல் ஒரே ஒரு மெழுகுவர்த்தி, அதிலிருந்து எவ்வளவு தொலைவோ அவ்வளவு இருட்டு. நாம் குறித்து வைத்த விளக்கோ எரிந்தும் எரியாதது. வெளியிலிருந்து சாய்வாக வந்து விழும் ஒளிதான் கரவாஜியோவின் வழக்கம். விளக்கைப் பார்த்தவர் வெளிச்சத்தைப் பார்க்கவில்லை.

அந்த எழுத்தரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. 18ஆம் நூற்றாண்டில் கரவாஜியோவின் பெயருக்கு அத்தனை மவுசு இல்லை. அழுக்குக் காலும் சுருங்கிய நெற்றியும் வரைந்த முரடர் என்ற பெயர்தான் மிஞ்சியிருந்தது. 1951-ல் மிலானில் லோங்கி நடத்திய பெரிய கண்காட்சிக்குப் பிறகுதான் பொதுமக்கள் நடுவே அவர் பெயர் மறுபடி எழுந்தது. எனவே 1793-ல் 'ஹொந்தோர்ஸ்த்' என்று எழுதியது, படத்தின் மதிப்பைக் குறைக்கும் செயலாக எழுதியவருக்கே தோன்றியிராது.

மேலும், பட்டியல் என்றாலே ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதுவதுதான். முதலாமவர் தப்பாக எழுதினால் அடுத்தவர் அதை அழகான கையெழுத்தில் எழுதுவார். மூன்றாமவர் வரும்போது அது ஆவணமாகிவிடும்.

ரோமிலிருந்து பீல்

1802-ல் மத்தெய் குடும்பம் கைச்சிக்கலில் இருந்தது. ஸ்காட்லாந்து நிலக்கிழார் வில்லியம் ஹாமில்டன் நிஸ்பெட் அவர்களிடமிருந்து ஆறு படங்களை வாங்கினார். ஏதென்ஸிலிருந்து பார்த்தெனான் சிற்பங்களைப் பெயர்த்து வந்த எல்ஜின் பிரபுவுக்கு இவர் மாமனார். அந்தக் காலத்தில் அந்தக் குடும்பம் மத்தியதரைக் கடல் பக்கம் போய்விட்டு வெறுங்கையோடு திரும்பியதில்லை போலிருக்கிறது.

வாங்கியவருக்குக் கொடுத்த பெயர் ஹொந்தோர்ஸ்த். எல்லை தாண்டும் காகிதத்திலும் அதே பெயர். தவறான பெயரோடு ஏறிய படம் தவறான பெயரோடே எடின்பரோவுக்குக் கிழக்கே ஈஸ்ட் லோதியனில் இருக்கும் பீல் மாளிகையில் இறங்கி, நூற்றுச் சொச்சம் வருஷம் அங்கேயே இருந்தது. இந்த நூறு வருஷத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பெரிய வீட்டுச் சுவரில் தொங்கும் பழைய பக்திப் படம் ஒன்றுக்கு என்ன நடக்குமோ அதுதான் நடந்திருக்கும்: கணப்புப் புகை, மெழுகுவர்த்திப் புகை, தலைமுறைக்கு ஒரு தரம் மேலே பூசும் வார்னிஷ்.

1920-ல் நிஸ்பெட் வழியின் கடைசிப் பெண்மணி இறந்தார். அவர் உயில்படி பீல் மாளிகைப் படங்கள் சில ஸ்காட்லாந்து தேசியக் கூடத்துக்குப் போயின. அதே 1802 கொள்முதலில் வந்த, செரோதினே என்ற ஓவியரின் 'வரிப்பணம்' அப்படிப் போனதுதான். இன்றும் அங்கே இருக்கிறது. ஒரே வீட்டில் ஒரே நாளில் வாங்கிய படங்களில் ஒன்று அரசுக் கூடத்துக்குள் போனது, மற்றொன்று போகவில்லை. ஹொந்தோர்ஸ்த் எடின்பரோவின் டவல்ஸ் ஏலக்கடைக்குப் போனார்.

1921 ஏப்ரல். விலை எட்டு கினி, அதாவது எட்டு பவுண்டு எட்டு ஷில்லிங்.

கோரி என்ற சிற்றூரில் ஒரு கொலை

ஏலத்துக்குப் பத்து மாதம் முன்பு, 1920 ஜூன் 15 காலையில், அயர்லாந்தின் வெக்ஸ்ஃபர்ட் மாவட்டத்தில் கோரி என்ற ஊரில் பெர்சிவல் லீ-வில்சன் என்ற காவல் அதிகாரியை ஐரிஷ் விடுதலைப் படையினர் தெருவில் சுட்டுக் கொன்றார்கள். பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக நடந்த 1916 ஈஸ்டர் எழுச்சியில் பிடிபட்டவர்களை டப்ளின் ரொட்டண்டா மருத்துவமனைத் தோட்டத்தில் இரவு முழுக்க வெட்டவெளியில் உட்கார வைத்து இழிவுபடுத்தினார் என்பது அவர் மேல் இருந்த பகை. அன்று புல்தரையில் உட்கார்ந்திருந்த கைதிகளில், பின்னாளில் ஐரிஷ் விடுதலைப் போரின் தலைவர்களில் ஒருவரான மைக்கேல் காலின்ஸும் ஒருவர்.

இதெல்லாம் ஒரு ஓவிய ஆய்வில் எதற்கு என்று கேட்கலாம். அந்த அதிகாரியின் மனைவி மேரி. கணவரை இழந்த பிறகு அவர் டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் மருத்துவம் படிக்கச் சேர்ந்து, 1928-ல் தேர்ச்சி பெற்று, குழந்தை மருத்துவரானார். இடிந்துபோன நாட்களில் அவருக்குத் துணையாக இருந்தவர் இயேசு சபைக் குரு தாமஸ் ஃபின்லே. இருபதுகளில் ஸ்காட்லாந்து போயிருந்தபோது மேரி லீ-வில்சன் ஒரு பக்திப் படம் வாங்கி வந்திருந்தார். முப்பதுகளின் தொடக்கத்தில் அதைக் குருக்களுக்கே நன்றிக்கடனாகக் கொடுத்துவிட்டார். அது லீசன் தெருச் சாப்பாட்டு அறைக்கு வந்தது.

காட்டிக்கொடுத்துப் பிடிக்கும் இரவின் படம் அது. கையாலாகாத கைதியும் ஆயுதம் ஏந்திய அதிகாரமும் அதில் இருக்கின்றன. தன் கணவரை அந்தப் படத்தில் எந்தப் பக்கம் நிறுத்திப் பார்த்திருப்பார் அவர்? இதை ஊகித்து எழுதுவது எளிது, எழுதியவர்களும் உண்டு. நான் அந்தப் பக்கம் போகவில்லை. அவர் 1971-ல் இறந்தார். தான் கொடுத்தது என்ன என்று தெரியாமலே போனார்.

ரெகனாத்தி நிலவறை

இனி 1989. ரோமில் கரவாஜியோவின் திருமுழுக்கு யோவான் படம் இரண்டு இடங்களில் இருந்தது, ஒன்று கபித்தோலினே அருங்காட்சியகத்தில், ஒன்று தோரியா பம்ஃபிலி அரண்மனையில். எது மூலம், எது நகல் என்ற ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. அதற்கு ஆவணம் தேட அனுப்பப்பட்ட இளம் ஆய்வாளர்கள் இருவர்: பிரான்செஸ்கா கப்பெல்லெத்தி, லௌரா தெஸ்தா. மத்தெய் குடும்பம் கல்யாண உறவில் அந்திச்சி குடும்பத்தோடு கலந்துவிட்டதால், குடும்பக் காகிதங்கள் இத்தாலியின் கிழக்குப் பக்கம் ரெகனாத்தி என்ற சிறு மலையூரில் இருந்தன. கவிஞர் லியோபார்தி பிறந்த ஊர். அங்கே ஒரு மாளிகையின் நிலவறையில், ஈரம் படிந்த தாள்களுக்கு நடுவே, சிரியாக்கோவின் கணக்குகள் கிடைத்தன.

அவர்கள் தேடிப் போனது யோவானை. யோவானும் கிடைத்தார், கபித்தோலினே படம்தான் மத்தெய் வீட்டுப் படம் என்பது தெளிவானது. கூடவே எம்மாவுக்கான 150-உம் தோட்டத்துக் கிறிஸ்துவுக்கான 125-உம் வந்து விழுந்தன. அதோடு அவர்கள் நிறுத்தியிருந்தால் இந்தக் கதை பாதியிலேயே நின்றிருக்கும். அவர்கள் பட்டியல் பட்டியலாகப் பின்தொடர்ந்தார்கள். ஒவ்வொரு தலைமுறையின் சொத்துக் கணக்கிலும் அந்தப் படம் எங்கே, யார் பங்கில், என்ன பெயரில் என்று கோர்த்துக்கொண்டே வந்தால், ஓரிடத்தில் கரவாஜியோவின் 'கிறிஸ்து பிடிபடுதல்' மறைகிறது. அங்கேயே ஹொந்தோர்ஸ்தின் 'கிறிஸ்து பிடிபடுதல்' முளைக்கிறது. ஒரு வீட்டில் ஒரே காட்சியின் படம் ஒன்று மாயமாகி, அதே காட்சியின் வேறு படம் வாங்கியதற்குச் செலவே எழுதாமல் வந்துசேருமா? பெயர்தான் மாறியிருக்கிறது.

ஓவிய ஆய்வில் இதைவிட அழகான கழித்தல் கணக்கு எனக்குத் தெரியாது. படத்தைப் பார்க்காமலே, இன்றைக்கு அது ஹொந்தோர்ஸ்த் என்ற பெயரில் எங்கோ இருக்கும் என்று சொல்லிவிட முடிந்தது. 1802 விற்பனை, நிஸ்பெட், பீல், எடின்பரோ என்று தடம் போய், டவல்ஸ் ஏலத்தில் அறுந்துவிட்டது. அந்தச் சமயத்தில் படம் டப்ளினில், சாப்பாட்டு மேசைக்கு மேலே.

சுத்தம் செய்தபோது

பெனெதெத்திக்கு முதல் நாளே சந்தேகம் தட்டியிருந்தது. கரவாஜியோவை ஆழப் படித்தவர் அவர். ஆனால் 'இது கரவாஜியோ' என்று முதல் நாளே சொன்னால், பொய்த்துப்போகும்போது கூடத்தின் பெயரும் கெடும், குருக்களின் சாப்பாட்டு அறைக்குத் திருடனும் வருவான். அதனால் சுத்தம் செய்யும் சாதாரண வேலையாகவே படத்தைக் கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். மூன்று வருஷம் விஷயம் சிலரோடு நின்றது. ரகசியம் காப்பதில் குருக்களுக்குப் பழக்கம் இருந்தது உதவியிருக்கும்.

பழைய எண்ணெய் ஓவியத்தைச் சுத்தம் செய்வது தரையைத் துடைப்பது மாதிரி இல்லை. மேலே இருப்பது மூன்று வகை: முதலில் தூசி, புகை, அதற்குக் கீழ் மஞ்சளாகிக் கறுத்த வார்னிஷ், அதற்கும் கீழ், இடையில் வந்தவர்கள் ஒட்டுப்போட்டுத் தீட்டிய வண்ணம். இந்த மூன்றையும் எடுக்க வேண்டும், நான்காவதாக இருக்கும் ஓவியத்தைத் தொடக் கூடாது. குச்சியில் சுற்றிய பஞ்சில் கரைப்பானைத் தொட்டு, ஒரு சின்ன இடம், பிறகு பக்கத்தில் ஒரு சின்ன இடம் என்று போவார்கள். பஞ்சு பழுப்பாக வரும் வரை சரி. படத்தின் நிறம் அதில் ஒட்டினால் கையை எடுத்துவிட வேண்டும். கூடவே எக்ஸ்ரேயும் அகச்சிவப்புப் படமும் எடுத்தார்கள், மேல் வண்ணத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க.

அடியில் ஒரு காது இருந்தது. யூதாஸின் காதை முதலில் சற்று மேலே வரைந்துவிட்டு, தலையின் சாய்வுக்குச் சரிப்படாமல், மூடிவிட்டுக் கீழே வரைந்திருக்கிறார். இந்த மாதிரித் திருத்தங்கள்தான் கண்ணைவிடப் பெரிய சாட்சி. நகல் எடுப்பவருக்கு முன்னால் முடிந்த படம் இருக்கும்; காது எங்கே என்று அவர் தேட வேண்டியதில்லை. தேடித் தேடிக் கண்டுபிடிக்கிறவர்தான் தப்பாக வைத்துவிட்டு மாற்றுவார். கரவாஜியோ தாளில் முன்வரைவு போட்டு வைத்ததாக ஒன்றும் கிடைக்கவில்லை. கித்தான் மேலேயே யோசித்தவர். அந்த யோசனையின் தழும்புகள் டப்ளின் படத்தில் இருந்தன.

இன்னொரு பக்கம் ரெகனாத்தி ஆவணங்கள் அச்சேறியிருந்தன. ஒருவர் கையில் பெயர் தெரியாத படம். மற்றவர்கள் கையில் படம் இல்லாத பெயர். 1993 நவம்பரில் பர்லிங்டன் மாகசின் என்ற கலை ஆய்விதழில் இரண்டும் வெளியாயின: பெனெதெத்தியின் கட்டுரையும், கப்பெல்லெத்தியின் கட்டுரையும். அதே மாதம் டப்ளினில் படம் பொதுமக்கள் முன் வந்தது.

சங்கிலியில் பலவீனமான கண்ணி

எல்லாக் கண்ணியும் ஒரே பலமாக இல்லை. 1603-லிருந்து 1802 வரை மத்தெய் வீட்டுப் பட்டியல்கள் ஒன்றையொன்று தொட்டு வருகின்றன. 1802-லிருந்து 1921 வரை பீல் வீட்டுச் சொத்து. முப்பதுகளிலிருந்து லீசன் தெரு. டவல்ஸ் ஏலக்கடை வாசலிலிருந்து மேரி லீ-வில்சன் வீடு வரையிலான சில வருஷம்தான் காகிதம் மெலிந்துபோகும் இடம். அந்த இடைவெளியைக் கட்டுவது படமே தரும் சாட்சி: பொருள் அதே, பெயர் அதே ஹொந்தோர்ஸ்த், வாங்கிய ஊர்ப்பக்கம் அதே, திருத்தங்கள் மூலத்துக்கே உரியவை. எனக்கு இது போதும். வேறு பிரதிகளுக்காக வாதாடியவர்கள் பின்னாலும் வந்தார்கள். டப்ளின் படத்தின் இடம் அசையவில்லை.

நகல்களுக்கும் ஒரு வாழ்க்கை உண்டு. உக்ரைனின் ஒடேசா அருங்காட்சியகத்தில் இருந்த நல்ல பிரதி ஒன்றை நெடுங்காலம் சிலர் மூலமென்றே நம்பினார்கள். 2008 ஜூலையில் அதைச் சட்டத்திலிருந்து அறுத்துத் திருடிப் போனார்கள். 2010 ஜூனில் பெர்லினில் பிடிபட்டது. 'கிறிஸ்து பிடிபடுதல்' பிடிபட்டது என்று தலைப்புப் போட எந்தப் பத்திரிகைக்காரனுக்கும் கை துறுதுறுத்திருக்கும்.

அதற்குப் பிறகு

படம் விற்கப்படவில்லை. லீசன் தெரு இயேசு சபைச் சமூகம் அதைக் கால வரம்பில்லாத இரவலாகத் தேசியக் கூடத்தில் வைத்திருக்கிறது; உடைமை அவர்களுடையதே. படத்தின் விவரப் பலகையில் சபையின் பெயரோடு மருத்துவர் மேரி லீ-வில்சனின் பெருந்தன்மையும் குறிக்கப்படுகிறது. சந்தைக்குப் போயிருந்தால் என்ன விலை என்று பத்திரிகைகள் விதவிதமாக எழுதின. கணக்கில் உறுதியாக நிற்பவை 125 ஸ்கூதியும் எட்டு கினியும்தான்.

கூடத்துக்குள் வந்துவிட்டால் ஆபத்து நீங்கியது என்று நினைத்துவிடக் கூடாது. கித்தானுக்குப் பின்னால் வலுவுக்காக இன்னொரு துணியை ஒட்டுவார்கள். இத்தாலிய வழக்கப்படி அந்தப் பசையில் மாவு சேரும். 1997-ல் படத்தின் ஓரத்தில் பொடிப்பொடியாகப் பூச்சி தென்பட்டது. பிஸ்கட் வண்டு. நம் வீட்டு மாவு டப்பாவிலும் மல்லித் தூளிலும் கண்டு முகம் சுளிப்போமே, அந்த இனம். கரவாஜியோவும் ஹொந்தோர்ஸ்தும் அதற்கு ஒன்றுதான், அது தின்ன வந்தது பின்பக்கத்து மாவை. உடனே கழற்றி வைத்தியம் பார்த்தார்கள்.

2016-ல் லண்டன் தேசியக் கூடத்தில் நடந்த கரவாஜியோ கண்காட்சிக்கு இந்தப் படம் போனது. சிரியாக்கோ 1602 ஜனவரியில் பணம் கொடுத்த எம்மாவு விருந்தும், 1603 ஜனவரியில் பணம் கொடுத்த தோட்டத்துக் கிறிஸ்துவும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. அதே கண்காட்சி டப்ளின் வழியாக 2017 கோடையில் எடின்பரோவுக்குப் போனது. 1921-ல் டவல்ஸ் கடையில் எட்டு கினிக்குப் போன படத்தைப் பார்க்க, அதே ஊரில், நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு ஜனங்கள் வந்தார்கள்.